டிக்டிக் கேட்காத வேலி

அக்கா வீட்டு வராந்தாச் சுவரில் மாட்டியிருந்த வேலி மெஷின் பெட்டியைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது. மெஷின் கெட்டுப்போயிருந்தால் உள்ளே பல்லி கருகிக் கிடக்கும், இல்லை இடி இறங்கி ஒரு பக்கம் உருகியிருக்கும், இல்லை எறும்பு மண் கட்டி மூடியிருக்கும். பதினோரு வருஷமாக அவள் பார்த்த மெஷின் சாவுகளெல்லாம் இந்த மூன்றில் ஒன்றுதான். இந்த மெஷின் சாகவில்லை. யாரோ சுவிட்சை அணைத்து, வேலிக்குப் போகும் வயரைக் கழற்றி, அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றி, பதவிசாக மடக்கி ஓரத்தில் செருகி வைத்திருந்தார்கள். டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்க்காமல் கத்தரித்து, முனையைக் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டியிருந்த விதம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த விதம். இதே வராந்தாவில் உட்கார்ந்து மாமாவுக்கு அவள் சொல்லிக் கொடுத்த விதம்.

"எப்பக்கா நின்னுச்சு?"

"மூணு நாளாச்சு. சத்தமே இல்ல. அதான் போன் போட்டேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை.

"மாமா எங்க?"

"டிராக்டர் டயர் பஞ்சர். வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காரு. டீ போடறேன், குடிச்சிட்டு அப்புறம் பாரேன்."

சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு டிக்டிக் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. மோட்டார் காயில் கட்டும் கடையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தாமிரக் கம்பி சுற்றியவள், வேலி கம்பெனிக்காரர்கள் ஆள் தேடியபோது எழுந்து வந்துவிட்டாள். நொடிக்கு ஒரு தடவை கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பும் மெஷின் அது. அனுப்பும்போதெல்லாம் ஒரு டிக். தோட்டத்துக்காரர்களிடம் அவள் பேசும் பேச்சு மனப்பாடம்: "முள்ளு வேலி, வராதேன்னு சொல்லும். முள்கம்பி, வந்தா கிழிப்பேன்னு சொல்லும். இது ஒரே ஒரு தட்டு தட்டித் திருப்பி அனுப்பிடும். மாடும் சாகாது, மனுஷனும் சாக மாட்டான். படுத்தா தூக்கம் வரும்." இந்தப் பேச்சை நம்பி முந்நூறு தோட்டங்களுக்கு மேல் கம்பி இழுத்திருக்கிறார்கள். அதில் முதல் பத்துக்குள் ஒன்று அக்கா வீட்டுத் தோட்டம்.

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தோள் பையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தாள். மதியம் ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்திருந்தது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. ஆனால் உள்ளே நான்கைந்து இடங்களில் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடந்தது, யாரோ பாய் விரித்துப் படுத்து எழுந்துபோன மாதிரி. காட்டுப்பன்றி. தின்றது கொஞ்சம், உழப்பியது அதிகம்.

தோட்டத்தின் கிழக்கு ஓரம் ஊர்ப் பாதை. அந்த ஓரத்தில் நடந்தால், வேலி மாறி வந்த கதை முழுக்க இன்னும் அப்படியே நிற்கிறது. மாமாவின் தாத்தா காலத்தில் வருஷா வருஷம் வெட்டி அடைத்த முள்ளின் மிச்சம் புதராக முளைத்து, பாதைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் அங்கங்கே திட்டாக நின்றது. அதற்குப் பிறகு மாமாவின் அப்பா, கருங்கல் தூண் நட்டு ஐந்து வரி முள்கம்பி இழுத்தார். அந்தக் கம்பியில் ஒரு வரியை வேப்பமரம் ஒன்று தின்றே விட்டது. பட்டைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து துருவாய்த் தொங்கியது. அப்புறம் வந்தது அவளுடைய வேலி. வெள்ளிக் கம்பி ஆறு வரி, மஞ்சள் பிளாஸ்டிக் குமிழ்கள், தூரத்திலிருந்து பார்த்தால் வேலி இருப்பதே தெரியாது. அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். போன மாதம் கம்பெனி நடத்திய பயிற்சியில் அதையும் தாண்டிவிட்டார்கள். கம்பியே வேண்டாமாம். மாட்டின் கழுத்தில் பட்டை கட்டி, போனில் விரலால் கோடு கிழித்தால் போதும், கோட்டைத் தாண்டும் மாட்டைப் பட்டையே எச்சரிக்குமாம். ஒரு வாரம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டு வந்தாள்.

அந்த ஒரு வாரத்தில்தான் மாமா இரண்டு தடவை போன் செய்திருந்தார். களை வந்து கம்பியைத் தொடுகிறது, வேகம் குறைந்துவிட்டது, வந்து பார் என்று. வருகிறேன் மாமா என்றாள். அதற்கு அடுத்த வாரமும் வருகிறேன் என்றாள்.

பம்புசெட் அறைக்குப் பக்கத்து மூலையில் நின்று பையிலிருந்து பேனா போன்ற கருவியை எடுத்தாள். கம்பியைத் தொட வேண்டியதில்லை. ஒரு சாண் தூரத்தில் காட்டினாலே உள்ளே மின்சாரம் ஓடுகிறதா என்று சொல்லிவிடும். மெஷின் ஓடும்போது காட்டினால் குஞ்சுக்கோழி மாதிரி விட்டு விட்டுக் கத்தும். மெஷின் அணைந்திருக்கிறது, வயரும் கழற்றிக் கிடக்கிறது. அதனால் பேனா ஊமையாகத்தான் இருக்கப்போகிறது என்ற நினைப்பில்தான் நீட்டினாள்.

பேனா கத்தியது. கத்தியது நிற்கவேயில்லை. ஒரே நீட்டு.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். முதலில் பேனாதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். உதறினாள். தன் கைப்பேசியின் மேல் வைத்துப் பார்த்தாள், ஊமை. மறுபடி கம்பிப் பக்கம் நீட்டினாள். மறுபடியும் அதே ஓலம், மூச்சே விடாமல். அப்போதுதான் அடிக் கம்பியைப் பார்த்தாள். கம்பியைத் தொட்ட புல் நுனியெல்லாம் தேய்த்த தீக்குச்சி மாதிரி கறுத்திருந்தது. நான்கு தப்படி தள்ளி ஒரு முயல், தலையைக் கம்பிக்கு அடியில் நீட்டி, ஓடப்போகிறது போலக் குந்தியபடியே செத்திருந்தது. கண் திறந்திருந்தது. ஈ மொய்த்தது.

இது துடிப்பு இல்லை. பம்பு ஓட்டுகிற கரண்டு. தொட்டதை விடாமல் பிடித்துக்கொள்கிற கரண்டு.

"அக்கா, கிட்ட வராத!" என்று கத்திக்கொண்டே திரும்பினாள்.

அக்கா கிட்ட வந்திருக்கவே இல்லை. பத்துத் தப்படி பின்னால், வரப்பு மேட்டில், செருப்புக் காலோடு, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். அங்கே நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

அக்கா முயலைப் பார்க்காமல் பாதைப் பக்கம் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் மெஷின் சத்தம் போடலன்னு போன் பண்ணியா?"

"பொய் சொல்லலியே. மெஷின் சத்தம் போடலதானே" என்றாள் அக்கா. "உன் தங்கச்சிகிட்ட வாயத் திறந்தேன்னா நடக்கிறதே வேறன்னு சொல்லிட்டாரு. நான் திறக்கல. நீயே வந்து நீயே பார்த்துட்ட. அவ்வளவுதான்."

பிறகு மடமடவென்று கொட்டினாள். மாமா தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குச் சுவிட்சைப் போடுகிறார், காலையில் அணைக்கிறார். ஆட்டுக்காரம்மா ஐந்து மணிக்கு இந்தப் பாதையாகத்தான் ஆடு திருப்புவாள். அதனால் மூன்று நாளாக அக்கா நாலே முக்காலுக்கே பாதையில் போய் நின்றுகொள்கிறாள். ஊர்க்கதை பேசுகிற சாக்கில் வேலிப் பக்கமாகவே நடந்து, ஆடுகளை மறுபக்கம் ஒதுக்கி ஒதுக்கி, பாதை முடிகிறவரை கூடவே போய்விட்டு வருகிறாள். ஆட்டுக்காரம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் இப்படி ஒட்டிக்கொள்கிறாளே என்று, நேற்று சுரைக்காய் ஒன்று பறித்துவந்து கொடுத்திருக்கிறாள்.

"பெரிய ஆடுங்க உன் கம்பிக்குப் பயப்படும். பழகினது. இந்த ஈத்துக் குட்டிங்களுக்கு ஒண்ணும் தெரியல. நேத்து ஒண்ணு மூக்க நீட்டிடுச்சு. காலால எத்தித் தள்ளினேன். ராத்திரி பூரா கண்ண மூடல."

"இப்ப ஏன் ஓடுது? மணி நாலுகூட ஆகலையே."

"டயர் போட நேரமாகும்னு போறப்பவே போட்டுட்டுப் போயிட்டாரு."

பம்புசெட் அறையின் இரும்புக் கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு தொங்கியது. சாவி மாமாவிடம். அவள் மாமாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று குரல் வந்தது. வீட்டு மெயினை அணைத்துப் புண்ணியமில்லை, பம்புக்குத் தனி லைன். அறைக்குப் பின்னால் வயர் வேலியோடு சேருகிற இடத்தை எட்டிப் பார்த்தாள். ரப்பர் கையுறையும் கம்பி வெட்டும் கட்டரும் பையில் இருந்தன. ஆனால் அங்கே முழங்கால் உயரக் களை கம்பியில் சாய்ந்து கிடந்தது, அடியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. ரப்பர் பூட்ஸ் வீட்டில். அந்தத் தண்ணீரில் கால் வைக்கிறவள் டிக்டிக்காக இருக்க முடியாது.

போனில் மின்சார ஆபீஸ் எண்ணைத் தேடினாள். அக்கா வரப்பிலிருந்து இறங்கி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். கூட்டிட்டுப் போயிடுவாங்க அவர."

"போகட்டும்."

"உனக்கு ஈசியா வருது வாயில. மாமாங்கிறதே மறந்துபோச்சா? நீ காயில் கடைக்குச் சைக்கிள்ல போறப்ப மழை வந்தா கொடை எடுத்துட்டு வந்து நின்ன மனுஷன்."

அதை அவள் மறக்கவில்லை. அதனால்தான் விரல் எண்ணின் மேலேயே நின்றது. எப்படியும் லைன்மேன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தாள்.

"பூட்ட உடைச்சா சும்மா விட மாட்டாரு."

"உடைக்காட்டி?"

அக்கா அதற்கு வாய் திறப்பதற்குள் மணிச் சத்தம் கேட்டது. தூரத்தில், பாதை வளைவுக்கு அப்பால், தகர மணியும் பித்தளை மணியும் கலந்து. ஐந்து மணிக்கு வர வேண்டிய ஆடு. மேகம் இருட்டுவதைப் பார்த்து ஆட்டுக்காரம்மா சீக்கிரமே திருப்பிவிட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பது வயதில், கெண்டைக்கால் தெரிய, வரப்பு மேல் தடுக்கித் தடுக்கி அவள் ஓடியதைப் பார்க்க நேரமில்லாமல் டிக்டிக் கதவுப் பக்கம் திரும்பினாள். முதலில் பேனாவைக் கதவிடம் நீட்டினாள். கத்தவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, பூட்டை விட்டுவிட்டு, கொண்டி சுவரோடு சேரும் இடத்தில் ஓங்கி அடித்தாள். சிமெண்டுத் தூசி கொட்டியது. கொண்டி அசையவில்லை. மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

பாதையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நில்லுங்க! ஓட்டாதீங்க! அங்கயே நில்லுங்க!"

"மழை வருது, வழிய விடும்மா. அப்புறம் பேசலாம்" என்றது ஆட்டுக்காரம்மாவின் குரல், சிரிப்போடு.

இரண்டாவது அடி. மூன்றாவது அடி.

"பேச வரல. கம்பியில கரண்டு இருக்கு."

"அது எப்பவும் இருக்கிறதுதானே? டிக்டிக் கரண்டுதானே? என் ஆட்டுக்கு அதெல்லாம் தெரியும். நகரு."

"அது இல்லம்மா. இது வேற." அக்காவின் குரல் உடைந்தது. "இது பம்பு கரண்டு. தொட்டா செத்துப்போகும். அவர்தான் இழுத்து விட்டிருக்காரு."

மணிச் சத்தம் மட்டும் ஒழுங்கு குலைந்து, ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொள்வதுபோல் கேட்டது. நான்காவது அடியில் கொண்டி ஒரு பக்கம் பெயர்ந்தது. அவள் சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினாள். நெம்பிக்கொண்டிருக்கும்போதே "ஏய்! ஏய்! புடி, புடி!" என்று இரண்டு பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். கொண்டி கையோடு வந்தது. கதவு திறந்தது. இருட்டு. எண்ணெய் வாடை. சுவரில் மெயின் கைப்பிடி. பாய்ந்து கீழே இழுத்தாள்.

இழுத்த பிறகும் கையை எடுக்கத் தோன்றாமல் நின்றாள். கண் பழகியதும் பலகை தெரிந்தது. மெயினுக்குக் கீழே ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ஒரு சிவப்பு வயர், சுவரோரமாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரே இடைவெளி விட்டு, ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. ஃபியூஸில் ஆணி மொத்தத்துக்குக் கம்பி போட்டிருந்தார், எது பட்டாலும் அறுந்துவிடக் கூடாது என்று. ஜாயிண்டுகள் முத்து முத்தாக இருந்தன. அவளிடம் வேலை பழகும் ஆட்களில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

வெளியே இரண்டு பெண்களின் குரலும் நின்றுபோயிருந்தது. அவள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் பாதைக்கு ஓடினாள்.

வெள்ளையில் பழுப்புத் திட்டுப் போட்ட குட்டி. இரண்டு மாதம்கூட இருக்காது. அடிக் கம்பிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் கிடந்தது. காயமில்லை, ரத்தமில்லை. மூக்கு நுனியில் மட்டும் ஒரு பொட்டுக் கறுப்பு. தாய் ஆடு நான்கடி தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தது. கம்பியின் மேல் பழைய பயம் இருந்ததால் கிட்ட வரவில்லை. அக்கா பாதை நடுவில் மண்டியிட்டு, இன்னும் இரண்டு குட்டிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அணைச்சாச்சு" என்றாள் டிக்டிக்.

ஆட்டுக்காரம்மா குட்டியை எடுக்கக் குனியவில்லை. கம்பைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து நின்று கம்பியையே மேலும் கீழும் பார்த்தாள். வரி ஒவ்வொன்றாக எண்ணுவது மாதிரி.

"இது நீ போட்ட வேலிதானே?"

என் வேலிதான், கரண்டு என்னுடையது இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. டிக்டிக் அதை விழுங்கிக்கொண்டு, "ஆமாம்மா" என்றாள்.

"முள்ளு அடைச்சிருந்தப்ப என் ஆடு அந்த வேலியவே மேஞ்சுட்டுப் போகும். இவரு தாத்தா கல்ல விட்டெறிவாரு. அதோட சரி. முள்கம்பி வந்துச்சு. மடி கிழிஞ்சு நின்னுது ரெண்டு ஆடு, நானே தைச்சேன். கிழிஞ்சது தெரிஞ்சுது, தைச்சேன். அப்புறம் நீ வந்த. ஒண்ணும் ஆகாது, ஒரு தட்டு தட்டும்னு சொன்ன. நெசந்தான், தட்டுச்சு. நானும் பார்த்தேன். ஒரு வருஷத்துல என் ஆடெல்லாம் படிச்ச புள்ளைங்க மாதிரி ஓரமாப் போச்சு." கம்பால் கம்பியைச் சுட்டினாள். "இன்னிக்கும் அதே கம்பி, அதே மஞ்சக் குமிழு. நேத்து கொல்லாதது இன்னிக்குக் கொல்லும்னு ஆடு எப்படிம்மா கண்டுபிடிக்கும்? நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முந்நூறு தோட்டத்திலும் அதே கம்பிதான், அதே மஞ்சள் குமிழ்தான். அந்த முந்நூறில் எத்தனை பெட்டிகளுக்குள் வயர் முனை டேப் சுற்றிச் செருகிக் கிடக்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை அவளால் விரட்ட முடியவில்லை.

ஆட்டுக்காரம்மா குட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். அக்காவின் கக்கத்திலிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி இறக்கிவிட்டாள். அக்கா முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"மூணு நாளா இதுக்குத்தான் கூட வந்தியா?"

அக்கா தலையாட்டினாள்.

"எனக்கு வேற பாதை இல்ல. நாளைக்கும் இப்படித்தான் வருவேன். நீயே பார்த்துச் சொல்லு, வரலாமா கூடாதான்னு."

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். தாய் ஆடு மட்டும் இரண்டு தடவை திரும்பி அந்த இடத்துக்கே வந்தது. பிறகு மணிச் சத்தத்துக்குப் பின்னால் ஓடியது.

டிராக்டர் சத்தம் கேட்டபோது முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மாமா பாதை முனையில் ஆட்டு மந்தையைப் பார்த்திருக்க வேண்டும், சாக்கையும் பார்த்திருக்க வேண்டும். வண்டியை நடுவிலேயே நிறுத்திவிட்டு, முழங்கால் வலியில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். அவர் கண் முதலில் போனது பம்புசெட் கதவுக்கு.

"பூட்ட யாரு உடைச்சது?"

"நான்தான் மாமா."

"என் அறை, என் பூட்டு. கேக்கணும்னு தோணல?"

"போன் பண்ணேன். எடுக்கல."

"நானும்தான் பண்ணேன்!" அவர் சத்தம் போட்ட வேகத்தில் வேப்பமரத்திலிருந்து காகம் ஒன்று எழுந்து பறந்தது. "ரெண்டு தடவ பண்ணேன். வரேன் மாமா, வரேன் மாமான்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்ன. வந்தியா? முப்பத்தெட்டு ராத்திரி இந்த முட்டியோட தகரம் தட்டிக்கிட்டு உள்ள படுத்துக் கெடந்தேன். உன் மெஷின் பன்னிக்குக் கிச்சுகிச்சு மூட்டுது. மொத நாள் கத்திட்டு ஓடுச்சு. ரெண்டாம் நாள் நின்னு யோசிச்சுது. மூணாம் நாள் புள்ளகுட்டியோட உள்ள வந்துடுச்சு. நான் வெளக்கு அடிக்கிறேன், என்னப் பார்த்துக்கிட்டே தின்னுது. என்னப் பார்த்துக்கிட்டே! அந்த நேரத்துல மனுஷன் என்ன செய்வான்?"

அவர் கண் சிவந்திருந்தது. வாரக்கணக்கில் தூங்காத கண். அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்த சொல்லையெல்லாம் விட்டுவிட்டு அவள் கையுறையைக் கழற்றினாள்.

"வராதது என் தப்புதான். களையெடுத்து, எர்த்துக் கம்பிய மாத்தினா சரியாப் போயிருக்கும். ஒரு மணி நேர வேலை. நாளைக்குக் காலையில வந்து செஞ்சு தரேன். ஆனா இத நான் பார்த்துட்டேன் மாமா. பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போக முடியாது. ஆபீசுக்கு எழுதித்தான் ஆகணும்."

"எழுது. ஒரு ஆட்டுக்குட்டிக்காக அக்கா புருஷன உள்ள தள்ளு. ஊரு மெச்சும்."

"இன்னைக்கு ஆட்டுக்குட்டி."

"நாளைக்கு மட்டும் என்ன? பகல்ல அணைச்சு வைப்பேன். ராத்திரி என் தோட்டத்துல எவனுக்கு என்ன வேலை?" அவர் அக்கா பக்கம் திரும்பினார். "இவள நீதானே வரவழைச்ச?"

அக்கா எழுந்து நின்றாள். முழங்காலில் சேறு அப்பியிருந்தது. "மெஷின் சத்தம் போடலன்னு சொன்னேன்" என்றாள் மெதுவாக.

"சத்தம் போடல. ம்." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை. "பூட்டு போனா போகுது. வயரு இருக்கு, பலகை இருக்கு. இந்த வருஷச் சோளத்த நான் வீட்டுக்குக் கொண்டுவராம விடப்போறதில்ல. எழுதறவங்க எழுதுங்க. அவங்க வர்றவரைக்கும் ஓடட்டும்."

சொல்லிக்கொண்டே பம்புசெட் அறைக்குள் போனார். அப்போதுதான் டிக்டிக்குக்கு உறைத்தது. கைப்பிடியைத்தான் இழுத்திருந்தாள். ஃபியூஸைப் பிடுங்கவில்லை, வயரைக் கழற்றவில்லை. வேலைக்கு வரும் ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். குரல்கள் நின்றதும் பதறி எல்லாவற்றையும் மாட்டியது மாட்டியபடி விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அவர் அந்தக் கைப்பிடியைத் தூக்கினால் போதும்.

அவள் அறையைப் பார்த்து ஓட இரண்டடி எடுத்து வைத்தாள்.

"நீ அங்கயே நில்லு" என்றாள் அக்கா.

அப்படி ஒரு குரலை அவள் அக்காவிடம் பல வருஷமாகக் கேட்டதில்லை. உரக்கச் சொல்லவில்லை. சின்ன வயதில் அடுப்பு ஊதும்போது கிட்ட வராதே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுச் செருப்பைப் பாதையோரம் கழற்றிவிட்டாள். புல்லை ஒதுக்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. களைக்குள் இறங்கி, தேங்கிய நீரில் கணுக்கால் அமிழ நடந்து போய், மார்பு உயரத்தில் ஓடிய கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஓடும் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மேல் கம்பியைப் பிடிப்பதுபோல் இறுக்கமாக.

"அக்கா!"

"இங்க இருக்கேங்க" என்றாள் அக்கா, தங்கைக்கு இல்லை, திறந்து கிடந்த கதவுக்கு. "புடிச்சுக்கிட்டிருக்கேன். போடறதுன்னா போடுங்க."

கதவு இருட்டில் மாமாவின் வெள்ளைச் சட்டைக் கை மட்டும் தெரிந்தது. தோளுக்கு மேலே, கைப்பிடி இருக்கும் உயரத்தில். அது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தூறல் வலுத்தது. மக்காச்சோளத் தோகை முழுக்கச் சலசலவென்று சத்தம் எழுந்தது. கம்பியின் மேல் விழுந்த துளிகள் உருண்டு உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்து, வளைவு வழியே இறங்கி, அக்காவின் விரல்களுக்கு வந்து முட்டி நின்று, பருத்து, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன.